மயில் படைக்கு நான் சட்டை தைக்கவில்லை

1

ஊர் வாசிகசாலை மலருக்கு வருடா வருடம் கட்டுரை கேட்கிறீர்கள். கனடாவில் இருப்பவர்கள் பனியைப் பற்றி எழுதி அனுப்புகிறார்கள். நான் இருக்கிற மலாய் நாட்டு ஈப்போவில் பனி கிடையாது. மழையும் வெயிலும் ஊரில் உள்ளதுதான், கொஞ்சம் கூட. எழுத ஒன்றுமில்லை என்று இத்தனை வருடமும் தட்டிக் கழித்தேன். இந்த முறை எழுதுகிறேன், ஏனென்றால் பங்குனி உத்திரம் முடிந்த கையோடு என் மகள் லோஷினி வேலையிலிருந்து வந்து, ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டு இப்படிச் சொன்னாள்:

"அம்மா, நான் இயக்கத்துல சேந்துட்டேன்."

நான் ரவிக்கைத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு பிள்ளை இயக்கத்துக்குப் போய்விட்டது, துப்பாக்கி எடுத்துவிட்டது என்றால் ஊரில் எங்கள் பக்கத்தில் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. என் அண்ணா போன அன்று எங்கள் வீட்டிலும் எரியவில்லை. ஆனால் இங்கே இயக்கம் என்றால் சங்கம். இரத்த தானம் செய்கிறவர்கள் இயக்கம், தேவாரப் போட்டி வைக்கிறவர்கள் இயக்கம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுக்கிறவர்களும் இயக்கம். நான் வந்த புதிதில் ஒரு கல்யாண மண்டபத்தில் தொந்தி வைத்த ஒருவரைக் காட்டி, "இவரு இயக்கத் தலைவரு" என்றார்கள். நான் முதலில் பார்த்தது அவருடைய இடுப்பை. பெல்ட்டில் கைத்தொலைபேசி மட்டும்தான் இருந்தது.

இவ்வளவு காலம் ஆகியும் அந்தச் சொல் காதில் விழுந்தால் உடம்பு முதலில் ஊருக்குப் போய்விட்டுத்தான் ஈப்போவுக்குத் திரும்புகிறது.

"என்ன இயக்கம், பிள்ளை?"

"மயில் படை."

அந்த இரண்டாவது சொல் இன்னும் மோசமாக இருந்தது.

2

நான் யார் என்று பிந்திப் பிறந்தவர்களுக்குத் தெரியாது. ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தைப்பதற்காக இங்கே வந்தவள். தொழிற்சாலை வேன் ஓட்டியவர் செல்வம். பின்சீட்டில் இருந்தால் எனக்குத் தலைசுற்றும் என்று சொல்லிச் சொல்லி முன்சீட்டில் ஏறியவள், அப்படியே கல்யாணம் வரை வந்துவிட்டேன். 'தோட்டக்காட்டானைக் கட்டிவிட்டாள்' என்று ஊரில் சிலர் சொன்னதும் எனக்குத் தெரியும். அவர்களும் இந்த மலரை வாசிப்பார்கள், வாசிக்கட்டும்.

செல்வம் பிறந்த ரப்பர் தோட்டம் கோலா கங்சார் போகும் பழைய ரோட்டுப் பக்கம். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனையை வெட்டி வரிசை வீடுகள் கட்டினார்கள். அதற்கு இங்கே தாமான் என்று பெயர், அதில் ஒன்றில்தான் நாங்கள் இருக்கிறோம். தொழிலாளர் இருந்த லயமெல்லாம் போய் மிஞ்சியது ஒரு முருகன் கோயில். அது நிற்கிற நிலம் கோயிலுக்குச் சொந்தமில்லை. தோட்டம் ஒவ்வொரு முறை கைமாறியபோதும் சாமியைப் பற்றி யாரும் பேசி வைக்கவில்லை.

இந்த வருடம் நிலத்தை வாங்கிய கம்பனி, கோயிலைக் காலி செய்யச் சொல்லிக் கதவில் காகிதம் ஒட்டியது. அடுத்த வாரமே வாசலில் இருந்த சிமெண்டு மயிலின் கழுத்து உடைந்து கிடந்தது.

"கொரங்கு லா," என்றார் செல்வம். "மலையிலேர்ந்து கூட்டமா எறங்குது. போன மாசம் நம்ம தண்ணித் தொட்டி மூடியவே தூக்கிட்டுப் போச்சு."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தாமானில் யாருக்கும் படவில்லை. ஒரு படை தொடங்குவதற்குக் குரங்கு போதாது அல்லவா? கம்பனிதான் ஆள் வைத்து உடைத்தது என்றார்கள், உள்ளிருந்து எவனோ உதவினான் என்றார்கள். அப்படித்தான் மயில் படை வந்தது. அதன் தலைவன் குணா, தாமான் முனையில் ஜிம் நடத்துகிறவன். முப்பது வயதைத் தாண்டியவன், குரலை உயர்த்தாதவன், பெரியவர்களைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிறவன். இவ்வளவு பணிவு எனக்கு ஒத்துவராது. யாரிடம் பழகினான் என்று கேட்கத் தோன்றும்.

உள்ளதைச் சொல்லவேண்டும். அவர்கள் சோடி சோடியாகச் சுற்றத் தொடங்கிய பிறகு தாமானில் சங்கிலி அறுப்பு நின்றது. கம்பனியின் இயந்திரம் லோரியில் வந்த காலை, பிள்ளைகள் கோயில் முன்னால் கைகோத்து நின்றார்கள், லோரி திரும்பிப் போனது. லோஷினியும் நின்றாள். அதை வீடியோவில் பார்த்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

3

பிள்ளை தமிழை விட்டுத் தூரமாகப் போய்விடுவாள் என்று மற்றப் புலம்பெயர்ந்த தாய்மாரைப் போலத்தான் நானும் பயந்தேன். பள்ளிக்கூடத்தில் மலாய், கிளினிக் கவுண்டரில் ஆங்கிலம், அறைச் சுவர் முழுக்கக் கொரியாப் பாட்டுக்காரப் பொடியன்கள். நான் பேசுவது "அம்மா தமிழ்" என்று சிரிப்பாள். இப்போது அந்தப் பொடியன்கள் சுவரிலிருந்து இறங்கிவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு பெண்ணின் படம். தலையில் பூப்போட்ட துணி, தோளில் துப்பாக்கி, பின்னால் மொட்டை மலை.

"ஆர் இது?"

"யசீதி அக்கா. சிஞ்சார் மலை, ஈராக்குல. நம்ம ஆளுங்கமா."

"எப்பிடி எங்கடை ஆக்கள்?"

"மயில் கும்புடுறாங்க. நம்ம குத்துவிளக்கு மாதிரியே வச்சிருக்காங்க, மேல மயிலோட. அந்தக் காலத்துல இங்கேர்ந்து போன முருகன் கூட்டம்தான். குணா அண்ணே எல்லாத்தையும் காட்டினாரு."

எங்கேயாவது ஒரு மயிலைக் கண்டால் அது நம்முடையது என்று சொல்வதில் நம்மை வெல்ல ஆளில்லை. நான் தேடி வாசித்தேன். யசீதி மக்களுக்கு வள்ளியும் தெரியாது, வேலும் தெரியாது. மயில் அவர்களுக்கு ஒரு தேவதூதர். அவர்களுடைய பாஷை வேறு, வழிபாடு வேறு. முருகனைக் கும்பிடுகிறோம் என்று அவர்களில் ஒருவர்கூடச் சொன்னதாக நான் காணவில்லை.

ஆனால் மற்றதெல்லாம் உண்மை. கறுப்புக் கொடி பிடித்த மதவெறிக் கூட்டம் மலையடிக்கு வந்தபோது, காவலுக்கு இருந்த படை சனத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. ஆண்களைக் கொன்றார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போய் விற்றார்கள். ஓடக்கூடியவர்கள் தண்ணீர் இல்லாத மலையில் ஏறினார்கள். அதற்குப் பிறகுதான் மிஞ்சியவர்கள் தங்களுக்கென்று படை கட்டினார்கள். வயல் செய்தவன், படித்துக்கொண்டிருந்தவள், தப்பி வந்த பெண்கள்கூடத் துப்பாக்கி எடுத்தார்கள். அதை வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. காவல்காரன் விட்டுவிட்டுப் போனால் சனம் வேறு என்ன செய்யும்? அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் எடுத்திருப்பேன்.

குணாவின் வீடியோ அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. நான் அதற்கு மேலும் வாசித்தேன். ஒரு படை இரண்டாகி, பலவாகி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பெரிய கை. மலையைக் காத்தவர்களும் மலையைக் காக்க வந்தவர்களும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இன்னும் எத்தனையோ குடும்பங்கள் கூடாரத்தில். ஊர் இடிந்து கிடப்பது ஒரு காரணம், ஊரில் காவல்காரர் கூடிப்போனது இன்னொரு காரணம். இந்தப் பகுதியை நான் வாசித்திருக்கவே தேவையில்லை, எனக்கு முன்னமே பாடம்.

இதை மகளுக்குச் சொன்னேன்.

"நீங்க எல்லாத்தையும் சிலோன் கண்ணாடி போட்டுத்தான் பாக்குறீங்க," என்றாள்.

அது சரிதான். வேறு கண்ணாடி எனக்கு யாரும் வாங்கித் தரவில்லை.

4

இன்னொரு பயமும் இருந்தது. நான் இன்னும் சிவப்பு அடையாள அட்டைக்காரி, அதாவது நிரந்தரமாக இருக்கலாம், குடியுரிமை இல்லை. விண்ணப்பித்து, நேர்முகத்துக்குப் போய், திரும்ப விண்ணப்பித்து வருகிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி உண்டு: எந்தப் பெர்த்துபுஹானிலாவது இருந்தீர்களா? மலாயில் அது அமைப்பு, சங்கம். முதல் தடவை என் காதில் அது 'பெர்த்துனாங்ஙான்' என்று விழுந்தது. அது கல்யாண நிச்சயம். "ஆமாம், ஒரு தடவை" என்று வெட்கத்தோடு சொன்னேன். அதிகாரியின் பேனா அப்படியே நின்றுவிட்டது. செல்வம் பாய்ந்து விளக்கம் சொன்னதும் அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனிதர். ஆனால் அந்தப் பேனா நின்ற கணம் எனக்கு மறக்கவில்லை.

இனி அந்தக் கேள்வி வந்தால், வீட்டில் ஒருத்தி படையில் இருக்கிறாள் என்றா சொல்வது?

"உங்கடை இயக்கத்தைப் பதிஞ்சாச்சோ?" என்று லோஷினியிடம் கேட்டேன்.

"அனுப்பியிருக்கோம். சிலம்பக் குழுன்னு."

"நீங்கள் சிலம்பமோ பழகுறியள்?"

"பேருக்கு மா."

இந்தப் 'பேருக்கு' எனக்குப் பிடிக்கவில்லை.

ஊரில் எங்கள் ஒழுங்கையிலும் முதலில் வந்தது விழிப்புக்குழுதான். உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கள்ளர் தொல்லை என்று பொல்லும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு நம் பிள்ளைகள் சுற்றினார்கள். அம்மா பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். அண்ணாவும் அதில் இருந்தார், அங்கிருந்துதான் இயக்கத்துக்குப் போனார். எந்த இயக்கம் என்று எழுத மாட்டேன், அதற்கும் இன்றைக்கு யாராவது கணக்குப் பார்ப்பார்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு மாஸ்டர் இருந்தார். பறிகொடுத்த சைக்கிளைத் திரும்பக் கேட்பதற்காக இராணுவக் காவலரணில் நின்று ஒருவனோடு பேசியிருக்கிறார். அவரிடம் படித்து இயக்கத்துக்குப் போன இரண்டு பிள்ளைகள் பின்னேரம் வேலிப் படலையடியில் வந்து நின்றார்கள். "மாஸ்டர், ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. சும்மா விசாரிக்கத்தான்." அடிக்கவில்லை, ஏசவில்லை. மாஸ்டர் போனார், திரும்பியும் வந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாங்களும் அவர் வேலிக்குக் கிட்டப் போவதை விட்டுவிட்டோம்.

5

என் தையல் கடை ஈப்போ லிட்டில் இந்தியாவில், ஒரு சேலைக் கடையின் மாடியில். ஒரு மத்தியானம் குணா படியேறி வந்தான். கையில் கறுப்புத் துணியும் ஒரு மாதிரிச் சட்டையும் இருந்தன. படைக்குச் சீருடை வேண்டும், நெஞ்சில் மயில் தைக்க வேண்டும், லோஷினி அம்மாவைவிட நன்றாகத் தைக்க யார் இருக்கிறார்கள் என்றான். சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். இராணுவச் சட்டையில் உள்ளதுபோல இரண்டு தோளிலும் பட்டி இருந்தது.

"பட்டி என்னத்துக்கு, தம்பி?"

"சும்மா, ஒரு கெத்து ஆன்ட்டி."

"பிறகு அதிலை என்னத்தைக் குத்துவியள்?"

சிரித்தான். "அது அப்புறம் பாத்துக்கலாம் லா."

"நான் ரவிக்கை மட்டும்தான் தைக்கிறனான்," என்றேன். அவன் தலைக்கு மேலே ஆறு பள்ளிச் சீருடைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவன் அவற்றை அண்ணாந்து பார்த்தான்.

அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னால் இருந்து சாந்தி வந்தாள். வெகு நாளாக என்னிடம் தைக்கிறவள். அவள் கணவர் கோயில் நிலத்தை வாங்கிய அந்தக் கம்பனியில்தான் அதிகாரி. குணா அவளையும் கும்பிட்டான். அவள் படியிறங்கும்வரை காத்திருந்தான்.

"அவங்க அடிக்கடி வருவாங்களா ஆன்ட்டி?"

"ரவிக்கைக்கு வாறவ."

"என்ன பேசுவீங்க?"

"என்ன, சும்மா கதைக்கிறனாங்கள்."

"கதையா?" என்றான்.

எங்களுக்குக் கதைப்பது என்றால் பேசுவது. இங்கே கதை என்றால் புளுகு. மகளும் புருஷனும் பழகிவிட்டார்கள், வெளியில் பேசும்போது நான் கவனமாக இருப்பேன். அன்றைக்கு வாய் தவறிவிட்டது. அவன் துணியை மடித்து எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து செல்வத்திடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நீ தைக்கலன்னா தைக்கல, அது ஒன்னும் இல்ல. ஆனா நீ சிலோன்காரி. தோட்டத்துல கிராணியா கணக்கு எழுதினவங்கல்லாம் சிலோன்காரங்க. தொரைக்கு வலது கையா இருந்தாங்கன்னு தாத்தா காலத்துக் கோவம் இன்னும் இருக்கு. இப்ப கம்பெனிக்காரன் பொண்டாட்டி உன் கடையில நிக்கிறா."

"நான் துரையைக் கண்டனானே? நான் சட்டை தைக்க வந்தனான்."

"எனக்குத் தெரியும் லா. அவங்களுக்குத் தெரியணுமே."

அன்றிலிருந்து நானும் ஆட்களைப் பார்க்கத் தொடங்கினேன். சந்தையில் மீன்காரர் சில்லறை தரும்போது முகம் பார்க்கவில்லையே, ஏன்? பக்கத்து வீட்டு அக்கா குப்பை போட வந்து என்னைக் கண்டதும் உள்ளே போனாளே, ஏன்? செல்வத்தின் குரங்கைப் போல எல்லாவற்றுக்கும் ஒரு சாதாரணக் காரணம் இருக்கலாம். ஆனால் எனக்கு யாரையும் நம்ப முடியவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை காலை. செல்வம் லோரி எடுத்துக்கொண்டு ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊருக்கு லோடு ஏற்றப் போயிருந்தார். லோஷினி தானாகவே தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். கல்யாணப் பேச்சு எடுக்கப் போகிறாளாக்கும் என்று ஒரு சின்னச் சந்தோசம்கூட வந்தது. எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒன்னு கேக்கலாமா? சும்மா கேக்கத்தான்."

எடுத்த கோப்பையைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

"கேள்."

"சாந்தி ஆன்ட்டி உங்ககிட்ட கோயில் பத்தி ஏதும் பேசினாங்களா?"

"இதை நீ கேக்கிறியோ, ஆரும் கேக்கச் சொன்னதோ?"

"ரெண்டும்தான்." பொய் சொல்லவில்லை. அதுதான் அவள். "வேற ஆளு வந்து கேட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நானே கேக்குறேன்னு சொல்லிட்டேன்."

எனக்கு நல்லது செய்ததாகத்தான் அவள் நினைத்திருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாந்தியின் கை இந்த முறை பருத்துவிட்டது, மகன் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டான், மாமியாருக்குச் சீனி வருத்தம். பெரிய வாய்க்கால் பக்கம் கோயிலுக்கு வேறு நிலம் கொடுக்கலாம் என்று கணவர் சொன்னதாகவும் ஒருநாள் சொன்னாள்.

லோஷினி நிமிர்ந்தாள். "அத ஏன் நீங்க எங்ககிட்ட சொல்லல?"

எங்ககிட்ட என்றாள். இந்த வீட்டில் அதுவரை 'எங்கள்' என்றால் செல்வமும் நானும் அவளும்தான்.

"ரவிக்கை தைக்க வந்தவ சொன்னது, பிள்ளை. அதை நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"

"எங்களுக்கு அது முக்கியம்மா. சரி விடுங்க, நான் பாத்துக்குறேன். சொல்லிடுறேன்." எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள். "பயப்படாதீங்க."

அந்தக் கதிரையில் எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. அவளை ஏசவேண்டும் போல இருந்தது, அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் தெம்பில்லை. என் பிள்ளைக்குப் பயந்தேன், அதை எழுதவே கை கூசுகிறது. அன்று பின்னேரம் செல்வம் வந்து கோயிலைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, அவளுடைய அறைக் கதவு மூடியிருக்கிறதா என்று முதலில் பார்த்தேன்.

7

இதை எழுதும்போதும் கோயில் அங்கேயேதான் இருக்கிறது. மயிலுக்கு ஒரு மேஸ்திரி புதுக் கழுத்து வைத்துவிட்டார், கொஞ்சம் நீளம் கூடிவிட்டது. சீருடையை வேறு யாரோ தைத்துக் கொடுத்துவிட்டார்கள். தோள்பட்டியும் இருக்கிறது. மடிப்புச் சரியில்லை, என்னிடம் கொடுத்திருந்தால் ஒழுங்காக வந்திருக்கும் என்று மனம் வெட்கமில்லாமல் நினைக்கிறது. குணா நல்லவனா கெட்டவனா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அன்றைக்கு ஊரிலும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. யார் பெயரையும் உள்ளபடி எழுதவில்லை, இந்த மலர் யார் யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதல்லவா?

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள் வேலை முடிந்து லோஷினி ஓடி வந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, நீங்க கிளியர்!"

"என்ன?"

"குணா அண்ணே குரூப்ல போட்டுட்டாரு. சிலோன் ஆன்ட்டி கிளியர், யாரும் அவங்களப் பத்தி பேசக் கூடாதுன்னு. நான்தான் பேசினேன்." என்னைக் கட்டிப்பிடித்தாள். ஹெல்மெட் என் நெற்றியில் இடித்தது. அவளுக்கு அவ்வளவு சந்தோசம். சின்ன வயதில் பள்ளியில் பரிசு வாங்கிக்கொண்டு வரும்போதுகூட அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

எனக்கும் சிரிப்பு வந்தது. "கிளியர் இல்லையெண்டு போட்டிருந்தா?"

"அதான் போடலையே."

"போட்டிருந்தா நீ என்ன செய்திருப்பாய்?"

நான் பகிடியாகத்தான் கேட்டேன். "போங்கம்மா, லூசா நீங்க" என்று சொல்லுவாள், இரண்டு பேரும் சிரித்துவிட்டுச் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று நினைத்தேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். குளிர்பெட்டியைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினாள். வந்து உட்கார்ந்தாள். பொய் சொல்லிப் பழகாத பிள்ளை. என்னை ஏமாற்ற மனமில்லாமல், சரியான பதிலைத் தேடி, உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள்.